போக அரை, வர அரை

மூன்று கொட்டேஷன்கள் மேசையில்.
மேலே ஐந்து கிலோ தராசுக் கல்.
கந்தப்பளைக் காற்றுக்கு
விலை வித்தியாசம் தெரியாது.

முதலாவது கொழும்பிலிருந்து, வழவழத்த தாள்.
காதில் ஒலிவாங்கி மாட்டிய பெண் சிரிக்கிறாள்,
அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர்.
என் முதுகுக்குப் பின்னால்
நாற்பத்திரண்டு மூட்டை லீக்ஸ்,
வேரில் மண் காயாமல்.

இரண்டாவதைக் கொண்டுவந்தவர் கம்பளை ஃபர்ஹாத்.
ஸ்வெட்டர் இல்லாமல் வந்து நடுங்கினார்.
தேத்தண்ணி கொடுத்தேன்.
மூன்று மாதம் இலவசம் என்றார்.
நாலாவது மாதம்? என்றேன்.
நல்ல சாயம் என்றார், கோப்பையைப் பார்த்து.

மூன்றாவது அரைத் தாள்.
ஹட்டனில் அண்ணனும் தம்பியும் நடத்தும் கம்பனி.
எழுத்துப்பிழை இரண்டு.
'பழுதானால் இதயகுமாரைக் கூப்பிடவும்',
பக்கத்தில் பேனையால் ஓர் இலக்கம்.

பழைய செம்புக் கம்பியை வைகாசிக் காற்றில்
ஒரு சைப்ரஸ் மரம் இழுத்துக்கொண்டு போனது.
அன்றிலிருந்து ஒரேயொரு கைப்பேசி.
தம்புள்ளையோடு பேசும்போது இராகலை காத்திருக்காது.
வெட்டிய கோவாவும் காத்திருக்காது.

நான் கேட்டது ஒன்றுதான்:
பேசிப் பார்க்கத் தாருங்கள்.

கொழும்பு லைனில் ரத்னபால முதலாளியை எடுத்தேன்.
போஞ்சி கிலோ இருநூற்றெண்பது என்றேன்.
அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
ஒன்றுமே இல்லை.
இருநூற்றெழுபது என்று நானே இறங்கினேன்.
அப்போதுதான் வந்து சேர்ந்தது அவர் குரல்:
'ஹரி.'

எந்த விலைக்கு அந்த ஹரி?
இருநூற்றெண்பதுக்குச் சொன்னது,
வழியில் எங்கோ நின்று வந்திருக்கிறது.
போக அரை நொடி, வர அரை நொடி.
அறுநூறு கிலோவுக்கு ஆறாயிரம் ரூபா.

லைனை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.
கொழுந்து நிறுக்கும் இடத்தில்
கணக்கப்பிள்ளை வாய் திறக்குமுன்பே
இரண்டு கிலோ கழிவுக்குத் தலையாட்டியவள்
என் அம்மா.
எதிரே ஒருவர் பேசாமல் நின்றால்
எனக்கும் கை தானாகப் பணப்பைக்குப் போகும்.

கம்பளை லைன் நன்றாகத்தான் இருந்தது
நாலு மணி மழை வரும்வரை.
பிறகு டிரைவர் ஞானப்பிரகாசம்
தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இருந்து பேசினார்,
பிரேக் என்றாரா பிரெட் என்றாரா
இன்னும் தெரியாது.
உதவிக்கு அழைத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தவும் என்றது.
எனக்குச் சிங்களம் நன்றாக வரும், வியாபாரமே அதில்தான்.
ஆனாலும் இரண்டை அழுத்தினேன்.
இரண்டு இருக்கிறதென்றால்
அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.
பதினெட்டு நிமிடம் புல்லாங்குழல் கேட்டேன்.

இதயகுமார் கூரையில் ஏறி இறங்கி
கையில் துருவோடு நின்றார்.
கரண்ட் போனால்?
'போன் செத்துப்போகும். பற்றரி போடணும்.
அது என் விலையில சேரல்ல.'
செத்துப்போகும் என்ற சொல்லை
மூன்று பேரில் இவர்தான் சொன்னார்.
லொறியின் பின்பலகையில் எழுதிய பழைய இலக்கம்?
'கொண்டுவரலாம். மூணு கிழமை ஆகும்,
நாலும் ஆகலாம்.'
தாமதம்?
'இருக்கும், கொஞ்சம்.
கொழும்புக்குப் போய்த்தானே திரும்பி வருது.'
உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்?
'தம்பி இருக்கான்.'
தம்பிக்கும் வந்தால்?
சிரித்தார். பதில் இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டு வருடம் என்ற இடத்தில் வெட்டி
ஒரு வருடம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இன்று காலை புது லைனில் ரத்னபால.
போஞ்சி இருநூற்றெண்பது என்றேன்.
கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டேன்.
வெளியே தராசுத் தட்டில்
பனி ஏறி உட்கார்ந்திருந்தது.
'ஹலோ? ஹலோ? இருக்கிறீங்களா?' என்றார் அவர்.
இருக்கிறேன், என்றேன்.
அது போய்ச் சேரட்டும் என்று
பேசாமல் இருந்தேன்.