திங்கட்கிழமைச் சொற்கள்

மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று
பைகளை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான்
ஆட்சியர் அலுவலகத்துக்குள் விடுவார்கள்.
ஒச்சம்மாவின் மஞ்சள் பையில்
கணவனின் இறப்புச் சான்றிதழும்
ஒரு டப்பா புளிச்சோறும்.
வாசலுக்குப் போகுமுன் என்னிடம் வந்தாள்.
வேப்பமரம், மடக்கு மேசை, முப்பது ரூபாய்.

கருமாத்தூருக்கு மேற்கே ஏதோ ஊர் சொன்னாள்.
திருப்பூரில் நாலாவது மாடிச் சாரம் சரிந்து
புருஷன் போய்ப் பதினோரு மாதம்.
வயது நாற்பத்தொன்று.
எழுதினேன்: ‘ஆதரவற்ற விதவை.’

வாசிச்சுக் காட்டுங்க என்றாள்.
“அதென்ன, ஆதரவற்ற?”
யாரும் இல்லாதவர் என்று அர்த்தம்.
“யாருமில்லாமயா இருக்கேன்?
என் ஓரகத்தி வீரணம்மா இருக்கா.
ஒரே உலைலதான் ரெண்டு வீட்டுக்கும் அரிசி போடுறோம்.
யாருமில்லன்னு எழுதுனீகன்னா
நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிக்க?”

இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன்.
‘கருணை கூர்ந்து’ என்பதை விரல்களே எழுதிவிடும்.
ஒரு சொல்லுக்காக யாரும் என்னிடம்
சண்டைக்கு வந்ததில்லை.
அரசாணையில் உள்ள வார்த்தைம்மா,
அது இல்லாமல் தாள் நகராது என்றேன்.
கொஞ்ச நேரம் மரத்துக் காக்கையைப் பார்த்தாள்.
“சரி, அது கெடக்கட்டும்.
அந்தக் கருணைய எடுத்துருங்க.
பிச்சைக்கா வந்தேன்?”

அடித்தல் இருந்தால் வாங்கமாட்டார்கள்.
வேறு தாளில் முழுக்க எழுதினேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
இல்லை, வாங்கினேன். மூன்று ரூபாய்.

இடையில் கிராம அலுவலர் விடுப்பில் போனார்.
ஆதாரில் ஒச்சம்மா, வங்கியில் ஒச்சம்மாள்.
அந்த ஒரு ‘ள்’
ஐந்து வாரத்தைத் தின்றது.

தை கழிந்து மறுபடி வந்தாள்.
மாதம் ஆயிரத்து இருநூறு ஏறுகிறதாம்.
பலசரக்குக் கடைப் பாக்கியில் பாதி அடைந்தது.
சின்னவனுக்குக் கண்ணாடி.
“போர்டு எழுத்து தெரியாமத்தான்
இத்தன நாளா முட்ட வாங்கிருக்கான், பய.
சொல்லாமலே இருந்துட்டான்.”
பிறகு,
“பெரிசா ஒண்ணுமில்லண்ணே.
தேதி தெரியுது, அம்புட்டுத்தான்.
இன்ன தேதில தாரேன்னு கடைக்காரர்ட்ட
நாக்குக் கூசாமச் சொல்ல முடியுது.”

கூடவே இன்னொருத்தி.
இரண்டு டவுன் பஸ் மாறி வந்த களைப்பு,
விரலிடுக்கில் இன்னும் அந்தக் காசில்லா டிக்கெட்.
வீரணம்மா.
பம்பாய்க்கு முறுக்குச் சுடப் போன புருஷன்
எட்டு வருடமாக ஒரு போனும் இல்லை.

இவளுக்கு அரசாணையில் வேறு சொல்.
எழுதினேன்: ‘கணவனால் கைவிடப்பட்டவர்.’
வாசிக்கச் சொன்னாள் ஒச்சம்மா.
வாசித்தேன்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஓரகத்தியின் பெருவிரலில் மை தடவி
தாளின் கீழே வைத்து அழுத்தினாள் ஒச்சம்மா.
ரேகை பதிந்த பிறகும்
கையை விடவில்லை.

“கருணை போடலேல்ல?” என்றாள்.

போடவில்லை.