முன்பணம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குச் சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும்.
கிருபாகரனின் ரிசார்ட் வேலையை
அங்கே நின்றுதான் ஒப்புக்கொண்டேன்,
ஒரு கையில் குடை.

"பெருசா ஒண்ணுமில்ல மேடம்.
இருபது ரிவ்யூ. இருபது பேர் எழுதின மாதிரி.
அங்கங்கே எழுத்துப்பிழை இருந்தா
நம்புவாங்க."
ஒன்றுக்கு நூற்றைம்பது, பாதி முன்பணம்.

பதினாறு வருடமாகப் பிழை திருத்திப் பிழைக்கிறேன்.
பிழை செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவர்
இவர்தான் முதல்.

டீத்தூள் பாக்கெட்டின் பின்பக்கம் நான் எழுதியது.
குன்னூர் பல் டாக்டரின் ஆண்டுவிழா உரை,
எஸ்டேட்காரர் ஒருவரின் அறுபதாம் கல்யாண மலர்,
அதில் தன் அம்மாவைப் பற்றிப் படித்து
அவரே அழுத பக்கம்,
எல்லாம் நான்.
எதிலும் என் பெயர் கிடையாது.
இல்லாமல் இருப்பதும் ரேட்டில் அடக்கம்.
அதற்கெல்லாம் கூசியதில்லை.
அவர் அம்மா உண்மை. அந்த டீயும்
சுமார்தான் என்றாலும் டீ.

ஆயிரத்து ஐந்நூறு வந்தது.
சாயங்காலமே அது சிலிண்டராக மாறி
பக்கத்து வீட்டு போஜன் தோளில் ஏறி
என் சமையலறையில் இறங்கியது.
மிச்சம் கரண்ட் பில்.

முதல் ஆறையும் கை தானாக எழுதியது.
ருசியான சாப்பாடு, பணிவான ஊழியர்கள்,
ஓர் ஐகாரத்தைத் தின்றுவிட்டு
'அருமயான வியூ'.
அனுப்பியும் விட்டேன்.

ஏழாவது ஆள் திருப்பூர் சாரதாமணி.
சாயப்பட்டறை நைட் ஷிப்டில்
தூக்கத்தைத் தொலைத்தவர் அவள் கணவர்.
"இங்கே வந்த ராத்திரி அவர் குறட்டை கேட்டது.
எழுப்பாமல் விடியும்வரை கேட்டுக்கொண்டே கிடந்தேன்."

இந்த வருடம் நான் எழுதியதில்
இதுதான் நல்ல வரி.

அப்புறம்தான் ஜெனரேட்டர் ஞாபகம் வந்தது.
போன மார்ச்சில் பிரவுச்சர் பாக்கி கேட்டுப் போய்
மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.
காட்டேஜ்களுக்கு நேர் பின்னால் அது.
பூனைகூடக் கண் மூடாது.
சாரதாமணி இல்லை. ஆனால்
இந்த வரியைப் படித்துவிட்டு
சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறப்போகிறவள்
இருப்பாள்.

மறுபடி தொட்டி, மறுபடி குடை.
"நீங்க எழுதலன்னா மிஷின் எழுதிட்டுப் போகுது மேடம்,
ஓசியில."
எழுதட்டும். அதற்குச் சிலிண்டர் மாற்ற வேண்டாம்.
முன்பணத்தைத் திருப்பிவிடுகிறேன்,
அந்த ஆறையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.
"பணத்தை அனுப்புங்க, பார்க்கலாம்."

சொல்லிவிட்டேன். பணம்?
போஜனுக்கு இலைக் காசு அடுத்த மாதம்தான்.
கிலோ என்ன விலை என்பதே
அப்போதுதான் சொல்வார்கள்.
கொடுத்துவிட்டு விலைக்குக் காத்திருப்பவரிடம்
நான் என்ன கைமாற்றுக் கேட்பது.

சென்னைப் பத்திரிகை ஒன்று ஆடியிலிருந்து
எனக்கு நாலாயிரம் தர வேண்டும்.
ஐந்தாவது நினைவூட்டல் அடித்தேன்.
"தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று
வழக்கமாகத் தொடங்குவதை அழித்தேன்.
தொகை, தேதி, கணக்கு எண்.
இவ்வளவு சுத்தமான உரைநடை
எனக்கு அபூர்வமாகத்தான் வரும்.

பதினோராம் நாள் வந்தது, வரி பிடித்து.
ஆயிரத்து ஐந்நூறை முழுசாக அனுப்பினேன்,
எழுதிய ஆறுக்குக் கழிக்காமல்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.

ஆறு பேரும் இன்னும் அங்கேதான்,
ஆளுக்கு ஐந்து நட்சத்திரத்தோடு,
ஐகாரம் தின்றவர் உட்பட.
வாரம் ஒருமுறை தொட்டி ஏறிப் பார்க்கிறேன்.

கரண்ட் போகும் இரவுகளில்
எதிர்ச்சரிவிலிருந்து அந்தச் சத்தம் இங்கே வரை வருகிறது.
சாரதாமணியின் வீட்டுக்காரரை
எங்கே கொண்டுபோய்த் தூங்கவைப்பதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.