ஏழும் நாற்பதும்

நாலு மணிக்குப் பனி வாரும் வண்டியை நிறுத்தி
ஆறு மணிக்கு இர்மாவை
மருத்துவமனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு
எட்டு மணிக்கு நான் வாத்தியார்.
தகட்டின் அதிர்வு
முழங்கையை விட்டு இறங்கவில்லை.
சாக்பீஸைப் பிடித்தால் கோடு நடுங்குகிறது.
"அப்பா, இது மலையா, நேர்கோடா?"
என்கிறாள் நேஷா.

மேசை ஒன்றுதான். ஒரு கால் குட்டை.
போன ஜூன் தேர்வு அறிக்கையை
நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம்.
தேர்ச்சி, தேர்ச்சி என்று எழுதிய தாள்
மேசையையாவது தாங்கட்டும்.

இர்மாவின் பள்ளத்தாக்கில் பனிக்குப் பெயர் நெய்.
என் ஊர்ப்பக்கம் ஸ்னெக்.
கீழே நகரத்துக் கடைகளில் ஷ்னே,
அலுவலகத்துக் கடிதங்களில் நேவே.
எந்தப் பெயரில் விழுந்தாலும்
வாருகிறவனுக்கு ஒரே கனம்.

ரோமானியர் போட்ட சாலைகளைப் படித்துக்கொண்டிருந்த உயோப்
தலை நிமிர்ந்தான்:
"குளிர்காலத்தில் அவங்க உப்பு தூவினாங்களா?"
எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதை மட்டும்
நாலு மொழியிலும் பிழையில்லாமல் சொல்வேன்.
டீனே, இரண்டு வயசு,
மாவுச் சல்லடையைத் தொப்பியாக்கி
மேசைக்கடியில் குடியிருக்கிறான்.
என் காலுறையைக் கழற்றி
யாருக்கோ பால் கொடுக்கிறான்.

ஸாலாவுக்கு ஆறு. எண்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.
நாற்பத்தேழு என்றேன்,
எழுபத்து நான்கு எழுதினாள்.
மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே.
மூன்றாம் முறை குரல் தடித்துவிட்டது;
சல்லடைகூட அசையாமல் நின்றது.
பென்சிலை வைத்துவிட்டு
ஸாலா தன் விரல்களைப் பார்த்தாள்,
தப்பு அவற்றில் ஒட்டியிருப்பதுபோல.

நேஷா எழுந்து போனாள்.
கோட்டுப் பையிலிருந்து என் டியூட்டி நோட்டை
எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.
ரேடியோவில் கேட்டு, இருட்டில்,
கையுறையோடு நான் கிறுக்கிய
சாலையோரக் கம்பங்களின் எண்கள்.
38 அடித்து 83.
65 அடித்து 56.
பக்கத்துக்குப் பக்கம் அடித்தல்.
ஜனவரியில் ஒரு ராத்திரி
தப்பான கம்பத்தருகே பத்து நிமிஷம் நின்று
பனிக்குவியல் எங்கே என்று திட்டினேனே,
அந்தப் பக்கமும் இருந்தது.

"நீயும் ஜெர்மன்காரர்களும்
ஏழும் நாற்பதும் என்று சொல்கிறீர்கள்.
அம்மாவும் இத்தாலியமும்
நாற்பது முதலில்.
இவள் காதில் விழுந்த வரிசையில் எழுதுகிறாள்.
உன்னைப்போல."
கத்தவில்லை. சமன்பாட்டை முடிக்கிற குரல்.

ஸாலா நோட்டை இழுத்துப் பார்த்தாள்.
அடித்தல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.
"உனக்கு யார் மார்க் போடுறாங்க?" என்றாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
செருகியிருந்தது
பழக்கூடைக்கடியில்
மூன்று வாரமாக நான் பார்க்காததுபோலிருந்த படிவம்.
நகரத்து உயர்நிலைப் பள்ளி, செப்டம்பர் சேர்க்கை,
பெற்றோர் கையொப்பம்.
நேஷா சமன்பாட்டுக்கே திரும்பிவிட்டாள்.
கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை.
காது மட்டும் சிவந்திருந்தது.

நடுங்கிய கையெழுத்தில் போட்டேன்.
என் கையெழுத்து மாதிரியே இல்லை;
இன்னொரு முறை போடச் சொல்வார்கள்.

"நேஷா போனா நாம எத்தனை பேர்?"
ஸாலாவே எழுதினாள்: 3.
எந்த மொழியில் சொன்னாலும்
திருப்பிப் போட முடியாத எண்.
கொஞ்சநேரம் எல்லோரும் அதையே பார்த்தோம்.

உயோப் தொண்டையைச் செருமினான்.
"அப்போ ஜன்னல் பக்கத்து நாற்காலி?"