பெயர் சொல்லி அழைத்தால்

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
தானே செய்கிறது. உதவியோடு செய்கிறது.
இன்னும் இல்லை.

மூன்றாவதற்கு வரும்போது
என் பென்சில் தயங்கும்.
கீழ்க்கோத்தகிரியில், இலை நிறுக்கும் கொட்டகையில்
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று
அம்மாவின் சுமையிலிருந்து கழித்ததைப்
பார்த்து வளர்ந்தவள்.
யார் பிள்ளையிலிருந்தும் எதையும் கழிக்க
எனக்குக் கை வராது.

நிதர்சனுக்கு மார்ச்சில் மூன்று வயது நான்கு மாதம்.
கட்டைகளை ஒன்பது வரை அடுக்குவான்,
படிவம் கேட்பதோ ஆறு.
ஒற்றைக் காலில் நிற்பான், மணி கோர்ப்பான்,
சத்துமாவு உருண்டையைச் சரிபாதியாய்ப் பிட்டுப்
பக்கத்தில் இருப்பவளுக்குத் தருவான்.
கை தட்டு என்றால் தட்டுவான்,
மற்றவர்கள் தட்டி அரை நொடி கழித்து.

கூச்சம் என்று நினைத்தேன்.
பேச்சு நாலைந்து சொல்தான்.
"அவங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாராம்"
என்றாள் புஷ்பகாந்தி,
கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அவன் தலையைக் கோதியபடி.
இருக்கும், என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.
இத்தனை வருஷத்தில் இவ்வளவு கவனமாய்
என்னைப் பார்த்த பிள்ளை இல்லை என்று
ஹெல்பர் ருக்மாவிடம் பெருமை வேறு.
ஒருநாள் குண்டான் மூடி தரையில் விழுந்து சுழன்றது.
எல்லோரும் அலறினார்கள்.
அவன் மணி கோர்த்துக்கொண்டிருந்தான்.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
கவனம் சிதறுவதில்லை.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும்:
தானே செய்கிறது.
மார்ச்சில் ஒரு டிக். ஜூனில் ஒன்று.

ஆடி பிறந்து மூன்றாம் நாள்
பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்தது.
முதலில் சில்வர் ஓக் மரங்கள் போயின,
பிறகு தண்ணீர்த் தொட்டி,
பிறகு குழாயடிக்கும் எங்கள் கதவுக்கும் நடுவே
கை கழுவப் போன பதினான்கு பிள்ளைகள்.

ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டேன்.
வெள்ளைக்குள்ளிருந்து முதலில் குரல் வந்தது,
பிறகு ஸ்வெட்டர், பிறகு ஈரக் கைகள்.
தாரிகா. மிதுலன். போஜனின் மகள் ஹேமாஷினி.
செருப்பைக் கால் மாற்றிப் போட்ட சஜீவன்.
பதின்மூன்று.

பதினான்காம் பெயரை ஐந்து முறை சொன்னேன்.
ஆறாம் முறை கத்தினேன்.
கீழ் லைனில் ஒரு நாய் குரைத்தது.

இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
பார்த்துச் செய்ய யாருமில்லாத வெள்ளையைப்
பார்த்துக்கொண்டு.

தோளைத் தொட்டேன். திரும்பினான்.
என் வாய் எதையோ கேட்கிறது என்று கண்டு
கை தட்டினான்.
அது இல்லை போல என்று
ஒற்றைக் காலில் நின்றான்.
மூக்கைத் தொட்டுக் காட்டினான்.
தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாய்ச் செய்து காட்டினான்,
அங்கேயே, அந்த ஈர மண்ணில்.

"சளியா இருக்கும் டீச்சர்" என்றாள் ருக்மா.
இருக்கலாம். அதை ஊட்டியில் சொல்லட்டும்.
'இருக்கும்' என்பதை
நான் ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை அட்டைகளை எடுத்தேன்.
ரப்பர் கையில் இருந்தது. அழிக்கவில்லை.
டிக் தெரியும்படி மேலே ஒரு கோடு கிழித்துத்
தேதி போட்டேன்.
அடித்தல் திருத்தல் ஏன் என்று சூப்பர்வைசர் கேட்கட்டும்.
இன்னும் இல்லை என்ற கட்டத்தில்
'இல்லை'யை மட்டும்தான் இத்தனை நாள் படித்திருக்கிறேன்.
போனில் ஏற்றத் தொட்டி மேடுவரை நடந்தேன்,
அங்கேதான் சிக்னல்.

"மார்ச்சுல எல்லாம் நல்லாயிருக்குன்னு
நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"
புஷ்பகாந்தி கோபமாய்க் கேட்கவில்லை.
கோபமாய்க் கேட்டிருந்தால் சுலபம்.
நான்தான் சொன்னேன், என்றேன்.

அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று
காலை ஆறு நாற்பது பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.
பையில் கடிதம், தண்ணீர்ப் பாட்டில், ஒரு வேகவைத்த முட்டை.
அவனுக்குப் புதுத் தொப்பி.

வளைவுக்கு அப்பால் ஹார்ன் கேட்டது.
எல்லோரும் திரும்பினோம்.
அவன் எங்களைப் பார்த்தான், பிறகு திரும்பினான்.

அரை நொடி.
இந்த முறை எண்ணினேன்.