பத்திரம்

என் வேலை எண்ணுவது.
அரசாங்கம் முதல் போட்டவர்களை நம்பவில்லை,
அவர்கள் அரசாங்கத்தை நம்பவில்லை,
அதனால் எனக்குச் சம்பளம்.

தொண்ணூற்றாறு பையன்கள்.
கூர்நோக்கு இல்லத்தின் கதவு திறந்த காலையிலிருந்து
எழுநூற்று முப்பது நாள்.
வழக்கு விழுந்ததா? ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.
ஐம்பத்தெட்டுப் பேர் மறுபடி உள்ளே போகாவிட்டால்
முதலும் அதற்கு எட்டு வட்டியும் அரசு கொடுக்கும்.
ஐம்பத்தேழு என்றால்
போட்டது போட்டதுதான்.

மேலூர் கிரானைட் போட்டது, மேலமாசி வீதி நகைக்கடை போட்டது,
சாயப்பட்டறை துளசிராம் போட்டார்.
பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று என்னிடம் சொன்னார்:
"மொய் மாதிரிதாம்மா. என்ன,
திருப்பிச் செய்யுற வீடு வேற."

வீரணனுக்கு அந்தப் பணம்
பஸ் பாஸாக வந்தது, மெக்கானிக் வகுப்பாக வந்தது,
ராத்திரி எத்தனை மணிக்கு அடித்தாலும்
யாராவது எடுக்கும் ஒரு நம்பராக வந்தது.
முன்பு சாவியில்லாமல் பதினேழு விநாடியில் வண்டி எடுப்பான்.
இப்போது பைபாஸ் ரோடு சர்வீஸ் சென்டரில்
சாவியோடு எடுக்கிறான்.
"இதுதான்க்கா லேட்டாவுது" என்பான்.

எழுநூற்று இரண்டாம் நாள்.
அழகர் ஆற்றில் இறங்க இன்னும் இரண்டு நாள்.
ஸ்டேஷனில் பழைய லிஸ்ட்டை எடுத்துவிட்டார்கள்.
சிம்மக்கல்லில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தவனை
கிளாஸோடு வண்டியில் ஏற்றினார்கள்.
திருவிழா முடியும் மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை,
நன்னடத்தைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து,
அவ்வளவுதான் என்றார் ஏட்டையா.

அந்த நம்பர் என்னை எழுப்பியது.
நான் போனபோது மணி ஒன்றரை.
துளசிராம் எனக்கு முன்பே அங்கே நின்றார்,
சட்டைப் பித்தான் ஒன்று தள்ளிப் போட்டு,
பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு வக்கீல்.

அன்றைய என் கணக்கில்
வீரணன் ஐம்பத்தெட்டாவது ஆள்.
அவருக்கும் அது தெரியும்.
பையனுக்காக வந்தாரா, வட்டிக்காக வந்தாரா,
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அவரும் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

ஏட்டையா அவரைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார்,
நோட்டை மூடினார்.
வீரணனின் அம்மா ஒன்பது மணியிலிருந்து
வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறாள்.
அவளை யாரும் பார்க்கவில்லை.
மகன் வெளியே வந்ததும் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு
"பத்திரம்யா" என்றாள்,
ஏதோ அவன்தான் அவளை வீட்டில் விடாமல்
எங்கோ கிளம்புவது போல.

யானைக்கல்லில் ஒரு டீக்கடை திறந்திருந்தது.
"என் மேல எம்புட்டுக்கா போட்டிருக்காய்ங்க?"
தலைக்கு அறுபத்திரண்டாயிரம் என்றேன்.
கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தான்.
"அம்புட்டுக்கு நான் களவாண்டதே இல்லக்கா."

வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். இல்லை.
'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன்.
அவன் இடது காது மடல் வீங்கியிருந்தது.
படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் வெறும் வெள்ளை.

துளசிராம் காலையில் போன் செய்தார்.
"பையன் எப்படி இருக்கான்?"
இத்தனை மாதத்தில்
"கணக்கு எப்படி இருக்கு" என்றுதான் கேட்பார்.
நல்லாருக்கான் சார் என்றேன்.
வைக்காமல் கொஞ்சநேரம் இருந்தார்.
பின்னால் பட்டறை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போனேன்.
கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே
"இன்னும் எத்தன நாளுக்கா?" என்றான்.
இருபத்தெட்டு.
"அதுக்கப்புறம் எண்ண மாட்டீங்களா?"

யாருடைய வண்டியோ ஒன்று
ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது.
அவன் அதன் பக்கம் குனிந்துவிட்டான்.
நான் பேனாவை மூடாமல் நின்றேன்.