வத்தத்துத் திட்டு

மாலத்தீவுக்கு ஆளுக்கு எண்பத்திரண்டாயிரம்
என்றது கைப்பேசி.
தண்ணீர்மேல் மரவீடு, காலைச் சிற்றுண்டி இலவசம்.
தேசப்பன் ஐந்நூறு கேட்டார்,
டீசலோடு.

எண்ணூர் முகத்துவாரத்தில்
வத்தம் பார்த்துத் தலைதூக்கும் ஒரு மணல்திட்டு.
பெயர் இல்லை, பட்டா இல்லை.
பதினொன்றுக்கு வெளியே வரும்
மூன்றரைக்கு உள்ளே போய்விடும்.
"அதுக்குள்ள காலி பண்ணிடணும்மா,
ஓனரு ரொம்ப கறாரு"
என்று கடலைக் காட்டினார்.

பிள்ளைகளை ரூபி வீட்டில் விட்டோம்.
குடை, இறால் தொக்கு, சோறு, மோர்,
விரித்துப் படுக்க ஒரு பழைய பேனர்.
அதில் கைகூப்பி நின்ற வட்டச் செயலாளரை
மணல் பக்கமாய்க் குப்புறப் போட்டேன்.
இன்றைக்கு யாரும் எங்களைப் பார்க்க வேண்டாம்.
பதினாலு வருஷம் தள்ளிப்போன தேனிலவு.

எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்கு வெளியே
ராத்திரி முழுக்க கண்டெய்னர் லாரிகள்
ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நிற்கும்.
அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் நடக்கும்.
இரவு வைத்த இடத்தில்
காலையில் ஒன்றும் இருக்காது.
அதனால்தான் கேட்டேன்,
ஒரே ஒரு நாள்
ஒரு சத்தமும் இல்லாமல்.

படகு போனது.
எஞ்சின் ஓசை புள்ளியாகி, பிறகு
புள்ளியும் இல்லை.
வடக்கே புகைபோக்கிகள் சும்மா நின்றன.
காலைத் தேய்த்தால்
மணலுக்கு அடியில் சாம்பல்.
இரண்டு உள்ளான்கள் ஓடின,
அதற்குக்கூட ஓசை இல்லை.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
கேட்டது கிடைத்துவிட்டது.

திறந்தபோது மதியழகன்
தலையை முழங்காலுக்குள் புதைத்திருந்தான்.
"இன்னா ஆச்சு?"
"சத்தமா கீது ஜெசிந்தா."
"எங்க?"
அவன் புகைபோக்கியைக் காட்டவில்லை
கடலைக் காட்டவில்லை.
தன் காதைத் தொட்டான்.

"விசில் மாதிரி. ஒம்போது வருஷமா.
பிரஸ் ஷாப்ல ஒட்டிக்கிச்சு.
வீட்ல லாரி சத்தத்துல தெரியாது."

மார்கழியிலும் நிறுத்தவிடாத மின்விசிறி.
பார்க்காமலே ஓடும் டிவி,
அதற்காக நான் போட்ட சண்டைகள்.
மீஞ்சூரில் வேப்பமரத் தெருவில்
பூனை நடந்தால் கேட்கும் அமைதியில்
ஒரு வீடு பார்த்தோம்.
தண்ணி உப்பு என்றான்.
நான் குடித்தேனே,
இளநீர்போல இருந்ததே.

சங்கை வைத்துக் கேட்பதுபோல
அவன் காதில் என் காதை வைத்தேன்.
ஒன்றும் வரவில்லை.
கொஞ்சம் வேர்வை,
கொஞ்சம் மணல்.

பிறகு பேச ஆரம்பித்தேன்.
கொருக்குப்பேட்டை கேட்டில் நாற்பது நிமிஷம் நின்றது,
ரூபியின் நகைக்கடன், அதன் வட்டி,
வஞ்சிரம் விலை, சங்கரா விலை,
மேலதிகாரி தும்முகிற விதம்,
கல்யாணத்தன்று என் செருப்பு தொலைந்ததை
யாருக்கும் சொல்லாமல்
வெறுங்காலில் நின்றது.
"அதான் அப்பிடி குட்டையா இருந்தியா" என்றான்.
சிரித்தான்.
சோற்றுப் பருக்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே
தூங்கிப்போனான்.

நிறுத்த பயமாக இருந்தது.
நான் நிறுத்தினால் அது ஆரம்பித்துவிடும்.
வாய்ப்பாடு சொன்னேன்.
எங்கள் தெருவில் குடியிருப்பவர்களை
வீட்டெண் வாரியாகச் சொன்னேன்.
முப்பத்தேழில் இருக்கும்போது
பேனரின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டது.

தேசப்பன் எங்கள் கையைப் பிடித்து ஏற்றினார்.
"நல்லா அமைதியா இருந்துச்சாம்மா?"
தொண்டை கட்டியிருந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.
எஞ்சின் படபடவென்று பிடித்ததும்
மதியழகனின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்ததை
இத்தனை வருஷத்தில்
இன்றுதான் பார்த்தேன்.
பின்னால் திட்டு
ஒரு தட்டளவாகி,
ஒரு நாணயமாகி,
தண்ணீர்.

இரவு பதினொன்றரைக்கு
ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.
கீழே ஒரு டிரெய்லர் நீளமாக ஹாரன் அடித்தது.
அலமாரியில் ஒரு டம்ளர்
ஓரத்துக்கு வந்திருந்தது.
அதை மட்டும் உள்ளே தள்ளி வைத்துவிட்டு
வந்து படுத்தேன்.