நான்காவது வினாடி

வூப்பெர்ட்டால், பார்மன், பள்ளிக்கூட மண்டபம்.
ஒலிக்குப் பொறுப்பு நான்.
அறிவிப்புக்குக் குலசிங்கம் அண்ணை,
கிழமை நாட்களில் காதடைப்பான் போட்டுக்கொண்டு
ஆணி வெட்டும் மெஷினோடு நிற்பவர்.

"முதலாம் இடத்தைப் பெறுபவர்..." என்பார்.
பிறகு ஒன்றும் சொல்லமாட்டார்.
நான்கு வினாடி. எண்ணி வைத்திருக்கிறேன்.
முதலாவதில் ரோல்ஸ் சுற்றிய கடதாசியின் சரசரப்பு நிற்கும்.
இரண்டாவதில் கைக்குழந்தையைத் தட்டுகிற கை நிற்கும்.
மூன்றாவதில் பிள்ளைகளை விடப் பெற்றோர் வெளிறுவார்கள்.
நான்காவது அவருடையது.
நாக்கின் கீழ்க் கற்கண்டு மாதிரி வைத்திருப்பார்.

"பேரில என்ன தம்பி கிடக்கு?
பேருக்கு முன்னால கிடக்கிற இடம்தான் எல்லாம்."

போன சனி பேச்சுப்போட்டி, கீழ்ப்பிரிவு.
நடுவர்கள் எசன் ரயிலைப் பிடிக்க முன்னமே போய்விட்டார்கள்.
"முதலாம் இடத்தைப் பெறுபவர்..."
என் மேசையில் பச்சை விளக்குகள்
ஒவ்வொன்றாய் இறங்கி அணைந்தன.
நான்கு.
ஐந்து.
ஏழு. பின்வரிசையில் ஒரு விசில்:
"ஆள் இண்டைக்கு உச்சம்!"
ஒன்பது.
ஆற்றின் மேலே தொங்குரயில் வளைந்து போகிற ஓசை
முதல் தடவையாக மண்டபத்துக்குள் கேட்டது.

எனக்கு ஹெட்போனில் கேட்டது வேறு.
நாக்கு பல்லைத் தொட்டது, விட்டது, திரும்பத் தொட்டது,
இருட்டில் பூட்டைத் தேடுகிற திறப்பு.
அட்டையைப் பார்த்தார்.
அட்டையின் வெறும் பக்கத்தையும் பார்த்தார்.

பதினொன்றில்
வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு சின்னது
தாங்கமுடியாமல் எழும்பி
"தர்மிகா!" என்று தன் பெயரைத் தானே கத்தியது.
மண்டபம் சிரிப்பில் உடைந்தது.
"தர்மிகா!" என்றார் அவரும்,
வெள்ளத்தில் கயிறு கிடைத்தவர் மாதிரி.

கார்த் தரிப்பிடத்தில் கேட்டார்:
"இண்டைக்கு இடைவெளி எப்பிடி?"
"கொஞ்சம் நீளம், அண்ணை."
"ம்."
வேறு யாருடையதோ காரின் கதவில் கை வைத்தபடி நின்றார்.

அட்டையை நான் மேடையில் எடுத்தேன்.
லக்சிகா என்றிருந்தது.
பெரிய, தெளிவான எழுத்து.
கேபிள் பெட்டியில், ஆக அடியில் கிடக்கிறது.

இப்போது லக்சிகாவின் தகப்பன் லைனில்:
"பிள்ளை நல்லாத்தானே பேசினவள்?
நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள், உங்களுக்குத் தெரியும்தானே?"

ஒன்று.

இரண்டு.